உலக இலக்கியத் தாள்: வாரம் ஒரு நாடு, ஒரு நூற்றாண்டு. இதை எப்படித்தான் படிப்பது?

முதல்மழை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இலக்கியம் எடுத்துப் படிக்கிறேன், இரண்டாம் ஆண்டு. இந்த செமஸ்டரில் உலக இலக்கியம் என்று ஒரு தாள். விருப்பப்பாடம்தான், யாரும் கட்டாயப்படுத்தவில்லை, நூல் பட்டியலைப் பார்த்ததும் நானே ஓடிப்போய்ப் பெயர் கொடுத்தேன். ஏழு வாரம் ஆகிவிட்டது. எதுவுமே உள்ளே இறங்கவில்லை என்ற பயம் இப்போது வந்துவிட்டது.

மெசொப்பொத்தேமியாவின் பழைய காவியமான கில்கமெஷில் தொடங்கினோம். அடுத்து ஹோமரின் கிரேக்கக் காவியம் ஒடிஸி, அதற்கடுத்து ஒரு கிரேக்க நாடகம், பிறகு ஒரே தாவலாக ஜப்பானுக்குப் போய் கெஞ்சியின் கதையில் சில அத்தியாயங்கள், இந்த வாரம் ஆயிரத்தொரு இரவுகள். ஒவ்வொரு நூலுக்கும் முன்னால் அந்தக் காலத்து அரசியல், மதம், குடும்ப அமைப்பு என்று நோட்ஸ் வரும். அதைப் படித்து முடிப்பதற்குள் பாதி வாரம் போய்விடும். மீதி நாளில் நூலைத் திறந்தால், முன்பின் தெரியாதவர்கள் வீட்டு விசேஷத்துக்குள் நுழைந்துவிட்ட மாதிரி ஒரு கூச்சம், யார் யாருக்கு என்ன உறவு என்றே பிடிபடவில்லை. கொஞ்சம் பழகுவதற்குள் அடுத்த நாடு வந்துவிடும்.

இரண்டாவது கவலை, எல்லாமே மொழிபெயர்ப்பு. ஹோமரின் நடை அழகு என்று நான் எழுதினால் யாருடைய நடையைச் சொல்கிறேன்? அக்காடியமும் தெரியாது, கிரேக்கமும் தெரியாது, ஜப்பானியமும் தெரியாது.

மூன்றாவதுதான் என்னை இங்கே எழுத வைத்தது. கில்கமெஷையும் ஒடிஸியையும் ஒப்பிட்டு ஒரு அசைன்மென்ட் கொடுத்தார்கள். இரண்டிலும் பயணம் இருக்கிறது, இரண்டிலும் நட்பு இருக்கிறது, இரண்டுமே மரணத்தைப் பேசுகின்றன, ஆகவே எந்தக் காலத்திலும் எந்த நாட்டிலும் மனித மனம் ஒன்றுதான் என்று முடித்திருந்தேன். கஷ்டப்பட்டு எழுதியது. மேடம் ஓரத்தில் ஒரே ஒரு வரி எழுதித் திருப்பிக் கொடுத்தார்: "அப்படியானால் எதற்கு இரண்டு நூல்?" வெள்ளிக்கிழமைக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தத் தாளைப் படித்தவர்கள், நடத்துபவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், எங்கிருந்து பிடிப்பது?

பழஞ்சுவடி பதில்:

முதல்மழை, உங்கள் மேடம் எழுதிய அந்த ஒரு வரியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நான் முதுகலையில் ஒப்பிலக்கியம் படித்தபோது எனக்கு அப்படி யாரும் கேட்கவில்லை, இரண்டு வருடம் "இதிலும் இருக்கிறது, அதிலும் இருக்கிறது" என்றே எழுதிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் எழுதியதில் தப்பில்லை, பாதியில் நின்றுவிட்டீர்கள், அவ்வளவுதான். இரண்டும் மரணத்தைப் பேசுகின்றன, சரி. என்ன பேசுகின்றன? கில்கமெஷ் நண்பன் என்கிடு செத்ததும் நடுங்கிப்போய், தானும் ஒருநாள் இப்படித்தானே கிடக்க வேண்டும் என்று சாகாத வழி தேடி உலகத்தின் விளிம்புவரை போகிறான். கடைசியில் கிடைப்பது கடலடியில் இருக்கும் ஒரு செடி, கிழவனை இளைஞனாக்கும் செடி. திரும்பும் வழியில் ஒரு குளத்தில் குளிக்க இறங்குகிறான், பாம்பு வந்து அதைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. உட்கார்ந்து அழுகிறான்.

இப்போது ஒடிஸியின் ஐந்தாம் காண்டத்தைத் திறந்து பாருங்கள். போர் முடிந்து வீடு திரும்பும் வழியில், கலிப்ஸோ என்ற தேவதையின் தீவில் ஒடிஸியஸ் ஏழு வருடம் இருக்கிறான். என்னோடு இரு, உன்னைச் சாவும் மூப்பும் இல்லாதவனாக ஆக்குகிறேன் என்கிறாள். கில்கமெஷ் எதற்காக உலகத்தின் கடைசிவரை நடந்தானோ அது இவனுக்கு உட்கார்ந்த இடத்திலேயே கிடைக்கிறது. வேண்டாம் என்கிறான். என் மனைவி உன் அழகுக்கு நிற்கமாட்டாள், அவள் சாகப் பிறந்தவள், தெரியும், ஆனாலும் நான் வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறான்.

ஒருவன் தேடிப்போய் இழந்தான், ஒருவன் கொடுத்ததை வேண்டாம் என்றான். இது எப்படி ஒரே மனம்? எது இவனை வேண்டாம் என்று சொல்ல வைத்தது? இங்கிருந்து எழுதுங்கள். இரண்டு நூலும் கூடவே நடந்து வந்து, ஒரு இடத்தில் கையை விட்டுவிட்டு வேறு வேறு பக்கம் திரும்பும், அந்த இடம்தான் நமக்கு வேண்டியது. பதினைந்து வாரத்தில் எல்லா நாட்டையும் யாராலும் தெரிந்துகொள்ள முடியாது, அப்படி ஒரு எதிர்பார்ப்பை உங்கள்மேல் நீங்களே ஏற்றிக்கொள்ள வேண்டாம். இப்படி ஒரு முச்சந்தி கிடைத்தால் போதும், மற்றதெல்லாம் அதைச் சுற்றித் தானாக வந்து சேரும்.

நோட்ஸைப் பற்றி: முதலில் நூல், பிறகு நோட்ஸ். புரியாத இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டே போங்கள். அப்புறம் நோட்ஸை எடுத்தால் அந்தக் கோடுகளுக்கு மட்டும் விடை தேடுவீர்கள், பத்துப் பக்கம் இரண்டு பக்கமாகிவிடும்.

வகுப்பறைவாசல் பதில்:

பழஞ்சுவடி சொன்ன முச்சந்தி எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் "முதலில் நூல், பிறகு நோட்ஸ்" என்பதை எல்லா நூலுக்கும் பொதுவாகச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். இந்தத் தாளைச் சில வருடம் நடத்தியிருக்கிறேன். பின்னணி தெரியாமல் போகும் மாணவர்கள் தங்கள் சொந்த எண்ணத்தை நூலின்மேல் ஏற்றிவிட்டு, அதையே திரும்பக் கண்டுபிடித்து மகிழ்வதைப் பார்த்திருக்கிறேன்.

இதே உதாரணத்தையே எடுப்போம். ஒடிஸியஸ் வேண்டாம் என்றான், வீட்டின்மேல் அவ்வளவு பாசம் என்று எழுதிவிடலாம். ஆனால் அந்தக் கிரேக்கர்களுக்குச் செத்த பிறகு என்ன இருந்தது? பதினொன்றாம் காண்டத்தில் ஒடிஸியஸ் இறந்தவர்களின் உலகத்துக்குப் போகிறான், அங்கே ட்ராய்ப் போரில் மடிந்த மாவீரன் அகிலீஸைப் பார்க்கிறான். இறந்தவர்கள் எல்லோருக்கும் அரசனாக இருப்பதைவிட, நிலமில்லாத ஒரு ஏழையிடம் கூலியாளாக உயிரோடு இருப்பதே மேல் என்று அகிலீஸ் சொல்கிறான். புகழுக்காக உயிரைக் கொடுத்த அகிலீஸ்! இங்கே கதை நடந்த வரிசையைக் கவனியுங்கள். காவியத்தில் கலிப்ஸோ ஐந்தாம் காண்டத்தில் வந்துவிடுகிறாள், இறந்தோர் உலகம் பதினொன்றில்தான் வருகிறது, ஏனென்றால் அது ஒடிஸியஸ் பின்னால் சொல்லும் பழைய கதை. அவன் வாழ்க்கையில் இறந்தோர் உலகம்தான் முதலில், கலிப்ஸோ அதற்குப் பிறகு. அதாவது செத்தால் என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்து, அகிலீஸ் வாயாலேயே கேட்டுவிட்டு வந்தவன் சாகாமையை மறுக்கிறான். மறுப்பின் கனம் இப்போது எவ்வளவு கூடிவிட்டது பாருங்கள். இது நோட்ஸ் தரும் விஷயம்தான்.

கில்கமெஷில் "அந்தக் காலம்" என்று சொல்வதே கஷ்டம். சுமேரிய மொழியில் தனித்தனிப் பாடல்கள், பிறகு பழைய பாபிலோனியப் பிரதி, அதற்கும் பிறகு பன்னிரண்டு களிமண் பலகைகளாக அமைந்த பிரதி, அதன் படிகள் கி.மு. 7ஆம் நூற்றாண்டில் அசுர்பனிபால் மன்னனின் நினிவே நூலகத்தில். பிறகு ஏறக்குறைய இரண்டாயிரம் வருடம் யாரும் படிக்காமல் மண்ணுக்குள். 1872இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஜார்ஜ் ஸ்மித் அதில் வரும் வெள்ளக் கதையைப் படித்துச் சொன்னபோது ஐரோப்பா அதைக் கில்கமெஷுக்காகக் கேட்கவில்லை, விவிலிய வெள்ளத்துக்காகக் கேட்டது. பழைய பாபிலோனியப் பிரதியில் மதுக்கடை நடத்தும் பெண் கில்கமெஷிடம் சொல்வாள்: வயிறு நிறையச் சாப்பிடு, ஆடு, உன் கையைப் பிடித்திருக்கும் குழந்தையைப் பார், மனைவியை மகிழவை, மனிதனுக்குக் கிடைத்தது இதுதான். பன்னிரண்டு பலகைப் பிரதியில் அந்த அறிவுரை இல்லை. பல பதிப்புகள் இரண்டையும் ஒட்டவைத்துத்தான் அச்சிடுகின்றன. நீங்கள் படித்த புத்தகம் எந்தப் பிரதியிலிருந்து என்று முன்னுரையில் தேடிப்பாருங்கள், அது தெரியாமல் "கில்கமெஷ் இப்படிச் சொல்கிறது" என்று எழுத முடியாது.

கெஞ்சியின் கதையில் யார் யார் என்று குழம்புகிறது என்றால் அது உங்கள் குறையே இல்லை. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முராசாகி ஷிகிபு எழுதியபோது பெரும்பாலான பாத்திரங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. பதவியாலும் இருக்கும் மாளிகையாலும்தான் சுட்டுகிறார். பதவி மாறினால் சுட்டும் சொல்லும் மாறும். இப்போது நமக்குத் தெரியும் பெயர்கள் பலவும் பின்னால் வந்த வாசகர்கள், கதையில் வரும் கவிதைகளிலிருந்து எடுத்து வைத்தவை. அரசவையில் ஒருவரைப் பெயர் சொல்லி அழைப்பது முறையில்லை என்று தெரிந்துகொண்டு மறுபடி படித்தால், அந்தக் குழப்பமே அந்த உலகத்துக்குள் போகும் வழியாக இருக்கும்.

முதல்மழை எழுதியது:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அகிலீஸ் சொன்னதை வகுப்பில் படித்தோம், ஆனால் அது கலிப்ஸோவுக்கு முன்னால் நடந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை. நேற்று இரவு திரும்பப் படித்தேன், தூக்கம் போய்விட்டது.

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது இன்னொன்று நினைவுக்கு வந்தது. பள்ளியில் படித்த அதியமான் நெல்லிக்கனி. பெரிய மலைப் பிளவில் கிடைத்த கனி, அதை உண்டால் நீண்ட நாள் வாழலாம், அதை ஔவைக்குக் கொடுத்துவிடுகிறான். புறநானூறு 91 எடுத்துப் பார்த்தேன். அந்தக் கனியின் பலனைத் தனக்குள்ளேயே அடக்கிக்கொண்டு, சொல்லாமல் கொடுத்தான் என்று ஔவை பாடுகிறார். ஆக ஒருவன் தேடி இழக்கிறான், ஒருவன் மறுக்கிறான், ஒருவன் கையில் இருந்ததைக் கொடுத்துவிடுகிறான். மூன்றையும் சேர்த்து எழுதலாமா? பட்டியலில் இல்லாத நூல் என்பதால் தயக்கம். மேடம் ஒத்துக்கொண்டால், மூன்றிலும் உயர்ந்தது நம்முடையது என்று முடிக்க ஆசையாக இருக்கிறது.

உறங்காவிழி பதில்:

கட்டாயம் எழுதுங்கள், மேடத்திடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. ஆனால் அந்தக் கடைசி வரி வேண்டாம். நம்முடையது உயர்ந்தது என்று முடித்தால் மற்ற இரண்டும் அதற்குப் பீடமாகிவிடும், அவற்றைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் தோன்றாது. எனக்கும் அந்தப் பாட்டு உயிர், அதனால்தான் சொல்கிறேன்.

மூன்றும் ஒரே வகை எழுத்து இல்லை என்பதை முதலில் கவனியுங்கள். ஒடிஸி ஆயிரக்கணக்கான வரிகளில் ஓடும் கதை. ஒடிஸியஸ் பேசுவான், கலிப்ஸோ பேசுவாள், அவன் மனம் நமக்குத் தெரியும். கில்கமெஷும் கதைதான், அவன் அழுகிறான், படகோட்டியிடம் புலம்புகிறான். புறநானூறு 91 ஒரு சின்னப் பாட்டு, பாடாண் திணை, வாழ்த்து. அதில் அதியமான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசுவது யார்? கனியை வாங்கிக்கொண்டவர். கொடுத்தவன் மறைத்ததை வாங்கியவர் வெளியே சொல்கிறார். கொடுக்கும்போது அவன் என்ன நினைத்தான் என்று நமக்குத் தெரியவே தெரியாது, ஔவைக்குத் தெரிந்ததுதான் நமக்கும். அத்தோடு அந்தப் பாட்டில் அவனை எப்படி வாழ்த்துகிறார் என்று பாருங்கள்: நஞ்சுண்டு மிடறு நீலமானவன் போல நீ நிலைத்திருக்க வேண்டும் என்கிறார். நீண்ட ஆயுளைத் தனக்குக் கொடுத்துவிட்டவனுக்கு, நஞ்சைக் குடித்தும் சாகாதவனை உவமை சொல்கிறார். கொடுத்ததைச் சொல்லால் திருப்பிக் கொடுக்கிறார் என்றுதான் நான் படிக்கிறேன், நீங்கள் வேறு மாதிரி படிக்கலாம்.

கிரேக்கத்தையும் சங்கப் பாடல்களையும் சேர்த்துப் பார்ப்பது புதிதும் இல்லை. க. கைலாசபதி 1968இல் வெளிவந்த ஆங்கில ஆய்வு நூலில் சங்க வீரப் பாடல்களைக் கிரேக்க வீரப் பாடல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அவர் யார் உயர்ந்தவர் என்று பார்க்கவில்லை, பாணர்கள் வாய்மொழியாக எப்படிப் பாடினார்கள், அதே தொடர்கள் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன என்று பார்த்தார். நூலகத்தில் இருந்தால் ஒரு அத்தியாயமாவது படியுங்கள், ஒப்பிடும் கை எப்படி நகர்கிறது என்று தெரியும்.

பழஞ்சுவடி பதில்:

நெல்லிக்கனி எனக்குத் தோன்றாமல் போய்விட்டதே! அருமை.

உங்கள் இரண்டாவது கவலைக்கு யாரும் பதில் சொல்லவில்லை, மொழிபெயர்ப்பு. மூலம் தெரியாதவர்களுக்கு ஒரே வழி, முக்கியமான இடத்துக்கு மட்டும் இரண்டு மூன்று மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது. முழு நூலையும் இல்லை, பத்து வரி போதும். எங்கே அவை ஒத்துப்போகவில்லையோ அங்கே மூலத்தில் ஏதோ இருக்கிறது, அல்லது மொழிபெயர்த்தவர் எதையோ சேர்த்திருக்கிறார். ஒடிஸியின் இருபத்திரண்டாம் காண்டத்தில் அடிமைப் பெண்கள் பன்னிரண்டு பேரைத் தூக்கில் போடுவார்கள். அந்த இடத்தில் 20ஆம் நூற்றாண்டின் சில ஆங்கில மொழிபெயர்ப்புகள் ஒடிஸியஸின் மகன் டெலிமாக்கஸ் வாயில் அவர்களைப் பற்றி ஒரு கெட்ட வசையை வைத்தன. கிரேக்கத்தில் அங்கே வசைச்சொல் இல்லை, "அவர்கள்" என்று பெண்பாலில் சுட்டும் சிறு சொல்தான் இருக்கிறது என்று 2017இல் மொழிபெயர்த்த எமிலி வில்சன் காட்டினார். அந்தச் சொல்லை எத்தனை மாணவர்கள் ஹோமருடையது என்று நம்பிப் படித்திருப்பார்கள்.

உங்கள் தலைப்புக்கு நான் ஒன்று சொல்கிறேன், தேடிப்பாருங்கள். செடி கையில் கிடைத்ததும் கில்கமெஷ் அதை வைத்து என்ன செய்யப் போகிறேன் என்று படகோட்டியிடம் சொல்வான், பதினொன்றாம் பலகை. சாண்டர்ஸ் 1960இல் வெளியிட்ட உரைநடை வடிவத்தையும், ஆண்ட்ரூ ஜார்ஜ் 1999இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். சாண்டர்ஸ் களிமண் பலகைகளிலிருந்து நேரடியாக மொழிபெயர்த்தவர் இல்லை, அவருக்கு முன் வந்த மொழிபெயர்ப்புகளை வைத்து ஒழுங்காகப் படிக்கும்படி எழுதியவர். ஜார்ஜ் பலகைகளையே படித்தவர். அந்த ஒரு பேச்சை மட்டும் பாருங்கள், பதிலை நான் சொல்லமாட்டேன்.

முதல்மழை எழுதியது:

பார்த்துவிட்டேன். நூலகத்தில் இரண்டும் இருந்தன, நின்றுகொண்டே படித்தேன்.

சாண்டர்ஸில் அவன் செடியை ஊருக்குக் கொண்டுபோய் முதியவர்களுக்குத் தின்னக் கொடுப்பேன், கடைசியில் நானும் தின்பேன் என்கிறான். படித்ததும் மனசு நெகிழ்ந்துவிட்டது, அதியமானோடு சேர்த்துவிடலாம் என்று தோன்றியது. ஜார்ஜில் பார்த்தால், ஒரு கிழவனுக்குக் கொஞ்சம் கொடுத்து இந்தச் செடியைச் சோதித்துப் பார்ப்பேன் என்கிறான்! அதே இடம்தான். ஒன்றில் கொடை, இன்னொன்றில் சோதனை. கில்கமெஷ் தேடி இழந்தவன் என்று மட்டும் நினைத்திருந்தேன், இடையில் அவனும் ஒரு முதியவரிடம் செடியை நீட்டப் போகிறவனாக இருந்திருக்கிறான், ஆனால் எதற்காக நீட்டுகிறான் என்பதுதான் கேள்வி. அதியமான் பலனைத் தெரிந்துகொண்டு அதை மறைத்துக் கொடுத்தான். இவன் பலன் உண்மைதானா என்று தெரிந்துகொள்ளக் கொடுக்க நினைக்கிறான்.

மேடத்திடம் கேட்டேன், நெல்லிக்கனியைச் சேர்க்கலாம் என்றார். ஒடிஸியஸைக் கொஞ்சம் சுருக்கிவிட்டு, இன்னொருவருக்கு நீட்டும் இந்த இரண்டு கைகளை நடுவில் வைத்து எழுதத் தொடங்கியிருக்கிறேன். யார் பேசுகிறார்கள் என்று உறங்காவிழி சொன்னதும் உள்ளே வருகிறது. உயர்ந்தது எது என்ற வரியை எடுத்துவிட்டேன். வகுப்பறைவாசல் ஐயா, பன்னிரண்டு பலகைப் பிரதியிலிருந்து எடுத்தது என்று முதல் பத்தியிலேயே எழுதிவிட்டேன்.

வகுப்பறைவாசல் பதில்:

நல்லது. எழுதி முடித்ததும் இங்கேயும் போடுங்கள், படிக்க ஆவலாக இருக்கிறேன். ஒன்று மட்டும், பாம்பு செடியைத் தூக்கிக்கொண்டு போகும்போது தன் பழைய தோலை உரித்துப் போட்டுவிட்டுப் போகிறது. அந்தச் செடி உண்மையிலேயே வேலை செய்தது என்பதற்குக் கதையில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான், அவன் கிழவனிடம் செய்ய நினைத்த சோதனை அங்கே முடிந்துவிடுகிறது. அந்த வரியை விட்டுவிடாதீர்கள்.